ரைக்ஸ்மியூசியம்: பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரைக்ஸ்மியூசியம் நெதர்லாந்தின் தேசிய அருங்காட்சியகம். உள்ளே நுழைந்ததும் பலர் ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ ஓவியத்தை நோக்கி ஓடுகிறார்கள். கூட்டத்துக்கு மேலே கைப்பேசியை உயர்த்திப் படம் எடுத்ததும் திரும்பிவிடுகிறார்கள். அவசியம் பார்க்க வேண்டிய ஓவியம்தான். ஆனால் அதைப் பற்றிப் பரவலாக நம்பப்படும் இரண்டு செய்திகள் தவறு.

முதலாவது, அதில் இரவே இல்லை. 1642இல் ரெம்பிராண்ட் வரைந்து முடித்தது, பகல் வெளிச்சத்தில் புறப்படும் நகரக் காவல்படையை. மேலே பூசிய வார்னிஷ் நாளடைவில் கறுத்துப்போனது. பின்னால் வந்தவர்கள் அந்த இருட்டைப் பார்த்து வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

இரண்டாவது, நாம் பார்ப்பது முழு ஓவியம் அல்ல. 1715இல் நகர மண்டபத்துக்குக் கொண்டுபோனபோது, இரண்டு கதவுகளுக்கு இடையே இருந்த சுவரில் அது அடங்கவில்லை. நான்கு பக்கமும் வெட்டிவிட்டார்கள்! இடப்பக்கம் மட்டும் சுமார் 60 சென்டிமீட்டர் போயிற்று. வெட்டிய துண்டுகள் இன்றுவரை கிடைக்கவில்லை. முன்னால் வரும் கருப்பு உடைத் தளபதியும் மஞ்சள் உடைத் துணைத் தளபதியும் இன்று ஏறக்குறைய நடுவில் நிற்கிறார்கள். ரெம்பிராண்ட் அவர்களைச் சற்று வலப்புறமாகவே நிறுத்தியிருந்தார். இடப்பக்கம் இருந்த அந்த வெற்றிடத்தை நோக்கித்தான் படை நடந்தது. பழைய நகல் ஒன்றையும் கணினியையும் கொண்டு 2021இல் விடுபட்ட பகுதிகளை அருங்காட்சியகம் மீட்டுருவாக்கிக் காட்டியபோது அந்த நடை திரும்பக் கிடைத்தது. அந்தப் படத்தை இணையத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுப் போவது நல்லது.

1885இல் திறந்த செங்கல் கட்டடத்தைப் பார்த்து அருங்காட்சியகத்தின் வயதைக் கணக்கிடுவதும் தவறு. அது 1800இல் ஹேக் நகரில் தொடங்கியது. 1808இல் ஆம்ஸ்டர்டாமுக்கு வந்தது. முதன்முதலில் 100 கில்டருக்கு (அன்றைய டச்சு நாணயம்) வாங்கியது யான் அசலைன் வரைந்த அன்னம். நாயைக் கண்டு சிறகை விரித்துச் சீறிக் கூட்டைக் காக்கிறது. நாயருகே ‘நாட்டின் எதிரி’, முட்டையில் ‘ஹாலந்து’ என்ற எழுத்துகளைப் பார்த்ததும், நாட்டைக் காத்த தலைவர் யோஹான் டி விட்டைத்தான் ஓவியர் அன்னமாக வரைந்தார் என்று நம்பிவிடாதீர்கள். அவர் தலைமைப் பதவிக்கு வந்தது 1653இல். ஓவியர் இறந்தது 1652இல். எழுத்துகள் பிறர் பின்னால் சேர்த்தவை. என் கண்ணுக்கு அது குஞ்சுகளுக்காகப் பதறும் தாய்ப்பறவையாகவே தெரிகிறது.

வான்கோ ஓவியங்களுக்காக இங்கே வருவதும் வீண் அலைச்சல். அவருக்கென்று தனி அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருக்கிறது, அதற்குத் தனி டிக்கெட். இங்கே இருப்பவை 1887ஆம் ஆண்டுத் தன்னுருவப் படம் போன்ற சில மட்டுமே. டிக்கெட்டை நேரம் குறித்து முன்பதிவு செய்துவிடுங்கள். மாலை 5 மணிக்குக் கதவை மூடிவிடுவார்கள்.

நேரமில்லை என்று ஆசியக் கலைக்கூடத்தைத் தவிர்ப்பதைத்தான் பெரிய இழப்பு என்பேன். 2013இல் புதுப்பித்துத் திறந்தபோது தண்ணீர் சூழ எழுப்பிய தனிக் கட்டடம் அது. அங்கே சோழர் காலத்து நடராஜர் இருக்கிறார். உயரம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர், எடை சுமார் 300 கிலோ. ஆசியக் கலை நண்பர்கள் சங்கம் 1935இல் வாங்கியது. காட்சிக்கூடத்தில் பார்ப்பதற்காகச் செய்த சிலை என்று இதை எண்ணிவிடக் கூடாது. பட்டும் பூமாலையும் சார்த்தி, தோளில் சுமந்து வீதியுலா கொண்டுபோவதற்காக வார்த்த திருமேனி இது. சரக்குப் பெட்டகங்களைச் சோதிக்கும் ரோட்டர்டாம் துறைமுகத்து எக்ஸ்ரே கருவியில் வைத்துப் பார்த்தபோது, உள்ளே பொள்ளலே இல்லை, திருவாசி உட்பட அத்தனையும் கெட்டி உலோகம் என்று உறுதியாயிற்று. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் மெழுகில் உருவம் பிடித்து, மண் பூசி, அப்படித்தான் கெட்டியாக வார்க்கிறார்கள்.