சப்டொமைனை சி-நேம் வைத்து ஹோஸ்டிங்குக்குத் திருப்புவது எப்படி?

முதலில் ஹோஸ்டிங் கணக்கில் உங்கள் சப்டொமைனைச் (எ.கா. பிளாக்.தளம்.காம்) சேருங்கள். இதை விட்டுவிட்டால் டிஎன்எஸ் (டொமைன் பெயரைச் சர்வரோடு இணைக்கும் அமைப்பு) சரியாக இருந்தும் 404 பக்கமோ சான்றிதழ் எச்சரிக்கையோதான் வரும். அங்கே தரப்படும் இலக்குப் பெயரை காப்பி செய்துகொள்ளுங்கள்.

பிறகு டொமைனின் டிஎன்எஸ் பகுதியில் புது ரெக்கார்டு: வகை சி-நேம் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பும் ரெக்கார்டு), பெயர் "பிளாக்", மதிப்பு அந்த இலக்குப் பெயர், டிடிஎல் (பதிலை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 விநாடி. மதிப்பில் ஐபி முகவரி, எச்டிடிபிஎஸ், சாய்கோடு எதுவும் வரக்கூடாது.

பலரும் தடுமாறுவது பெயர்க் கட்டத்தில்தான். முழு டொமைனையும் எழுதினால் சில பேனல்கள் பின்னால் இன்னொரு முறை டொமைனை ஒட்டி, "பிளாக்.தளம்.காம்.தளம்.காம்" ஆக்கிவிடும். மதிப்பிலும் இப்படி ஒட்டினால் கடைசியில் ஒரு புள்ளி வையுங்கள்.

அதே பெயரில் ஏ (ஐபி முகவரியைக் காட்டுவது), டிஎக்ஸ்டி (உரைக் குறிப்பு) போன்ற வேறு ரெக்கார்டு இருக்கக்கூடாது; நீக்குமுன் அது எதற்கென்று பார்த்துவிடுங்கள். முதன்மை டொமைனுக்கு (தளம்.காம்) சி-நேம் வைக்க முடியாததும் இதனால்தான்: அங்கே டொமைனின் டிஎன்எஸ் சர்வர்களையும் அடிப்படை விவரங்களையும் சொல்லும் என்எஸ், எஸ்ஓஏ ரெக்கார்டுகள் கட்டாயம் இருக்கும். அதற்கு ஏ ரெக்கார்டு, அல்லது உங்கள் டிஎன்எஸ் சேவையில் இருந்தால் ஏலியாஸ் (முதன்மை டொமைனிலும் சி-நேம் போல வேலை செய்யும் ரெக்கார்டு).

சேமித்ததும், டிஎன்எஸ் பதிலைக் காட்டும் "டிக்" (dig) கட்டளையில் சரிபாருங்கள். பழைய பதிலே வந்தால் பழைய டிடிஎல் தீரும்வரை பொறுங்கள். ரெக்கார்டை மாற்றி மாற்றிப் பார்த்தால் குழப்பம்தான் கூடும்.