அடித்தது உங்கள் பிள்ளை என்றால்

"உங்கள் மகன் சக மாணவனை அடித்துவிட்டான்" என்று பள்ளியிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்ததும், சிங்கப்பூரில் சில பெற்றோர் "என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை" என்று வாதாடத் தொடங்குகிறார்கள்; வேறு சிலர் அவன் வீடு திரும்புவதற்குள் பிரம்பைத் தேடி எடுத்து வைக்கிறார்கள். எதைச் செய்தாலும் அதன்பின் பிள்ளை வாய் திறக்கமாட்டான்.

அழைப்பின்போது முதலில் அடிபட்ட பிள்ளையின் நிலையை விசாரியுங்கள். எங்கே, எப்போது நடந்தது, யார் பார்த்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆத்திரத்தில் கேட்டவை நினைவில் நிற்பதில்லை.

மாலையில் அவன் சாப்பிட்டு முடிக்கட்டும். "ஏன் அடித்தாய்?" என்று கேட்டால் "தெரியாது" என்பான். "ஓய்வு நேர மணி அடித்ததிலிருந்து சொல்" என்று தொடங்கிப் பாருங்கள். நான் அறிந்த உயர்நிலை இரண்டு (சுமார் 14 வயது) மாணவன் ஒருவன், உணவகத்தில் நூடல்ஸ் வாங்க வரிசையில் நின்றது, பின்னால் நின்றவன் தன் நிறத்தைச் சொல்லிச் சிரித்தது, அதே கேலி இரண்டு வாரமாக வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஓடியது என ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அவன் அடித்தது தவறுதான். ஆனால் அந்தப் பகடிவதை தெரியாமல் அவனைத் தண்டித்திருந்தால் அடுத்த மாதமும் அதே அழைப்பு வந்திருக்கும். குறுஞ்செய்திகளை அழிக்க விடாமல் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிச் சந்திப்புக்கு, முடிந்தால் பெற்றோர் இருவரும் செல்லுங்கள். தண்டனையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவதைவிட, பள்ளி ஆலோசகரைச் சந்திக்க ஏற்பாடு கேட்பது பயனுள்ளது. ஆலோசகரிடம் போனால் பெயர் கெட்டுவிடும் என்ற பயம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது (பல் வலிக்குப் பல் மருத்துவரிடம் போக யாரும் வெட்கப்படுவதில்லை). 2021 ஜூலையில் ஓர் உயர்நிலைப்பள்ளியில் 13 வயது மாணவன் கொல்லப்பட்ட பிறகு, ஆசிரிய-ஆலோசகர்களின் (ஆலோசனைப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள்) எண்ணிக்கையை 1,000க்கு மேல் உயர்த்தும் இலக்கைக் கல்வி அமைச்சு அறிவித்தது. கூடுதல் உதவி தேவைப்பட்டால், பள்ளி ஆலோசகர் வழியாக மனநலக் கழகத்தின் ரீச் (REACH) எனும், மாணவர்களின் மனநலத்துக்கு உதவும் குழுவை நாடலாம்.

பிறரையோ தன்னையோ காயப்படுத்துவதாக அவன் பேசினாலோ, பையில் கத்தி இருப்பதைக் கண்டாலோ சந்திப்பு நாள் வரை காத்திருக்க வேண்டாம். உடனடி ஆபத்துக்கு 999 (காவல்துறை) என்ற எண்ணையும், மனம் உடைந்த நிலையில் 1767 (தற்கொலைத் தடுப்பு உதவி எண்) அல்லது 1771 (மனநல உதவி எண்) என்ற எண்ணையும் அழையுங்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் தாங்களே பேசுவதற்கு டிங்கிள் ஃபிரண்ட் என்ற உதவித்தொலைபேசி உண்டு: 1800 2744 788.

மன்னிப்பைப் பொறுத்தவரை அவசரம் வேண்டாம். அன்றே இழுத்துச் சென்று கேட்கவைத்த மன்னிப்பு இரு பிள்ளைகளுக்கும் அவமானம். மறுதரப்புக் குடும்பம் சம்மதித்த பிறகு ஆசிரியர் முன்னிலையில் கேட்கட்டும். சண்டைக் காணொளியைப் பெற்றோர் குழுக்களில் பகிராதீர்கள். 2014ஆம் ஆண்டின் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் இணையத்தில் நடப்பவற்றுக்கும் பொருந்தும்.

அவன் பள்ளிக்குத் திரும்பிய பின், சில வாரங்களுக்கு ஒருமுறையாவது வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். மதிப்பெண்ணைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். ஓய்வு நேரத்தில் அவன் யாருடன் உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று முதலில் கேளுங்கள்.