ஐரோப்பிய விமானி உரிமத்தை அமெரிக்கச் சான்றிதழாக மாற்றும் முறை

ஐரோப்பிய உரிமம் வைத்திருப்பவர், அமெரிக்க விமானப் போக்குவரத்து விதி 61.75-இன் கீழ், பறத்தல் தேர்வு இல்லாமலேயே தனியார் விமானி சான்றிதழைப் பெறலாம். முதலில் ஓக்லஹோமா நகரில் உள்ள அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் அலுவலகத்துக்கு, உரிமத்தைச் சரிபார்க்கக் கோரும் விண்ணப்பம் அனுப்ப வேண்டும். அங்கிருந்து வரும் கடிதம் 6 மாதமே செல்லும் என்பதால், பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பு விண்ணப்பிப்பதே என் பார்வையில் சரி. பிறகு அசல் உரிமம், மருத்துவச் சான்று, கடவுச்சீட்டு ஆகியவற்றுடன் அந்த நிர்வாகத்தின் வட்டார அலுவலகத்துக்கு நேரில் செல்ல வேண்டும்.

ஒற்றை எஞ்சின், பல எஞ்சின் தகுதிகள் சான்றிதழில் அப்படியே ஏறிவிடும். கருவிவழிப் பறத்தல் (வெளியே பார்க்காமல் கருவிகளைக் கொண்டே பறத்தல்) தகுதிக்கு மட்டும், வெளிநாட்டு விமானிகளுக்கான 50 கேள்வி எழுத்துத் தேர்வில் 70 விழுக்காடு தேவை. சான்றிதழில் ஐரோப்பிய உரிம எண் அச்சிடப்படுவதால், உரிமத்தை வேறு நாட்டுக்கு மாற்றி அந்த எண் மாறினால், சான்றிதழையும் புதிதாகப் பெற வேண்டியிருக்கும். பலர் இதில்தான் சறுக்குகிறார்கள்.

விமானத் தலைவராக, அதாவது விமானத்துக்குப் பொறுப்பான விமானியாகப் பறக்குமுன், பயிற்றுநரிடம் குறைந்தது ஒரு மணி நேரத் தரைப் பாடமும் ஒரு மணி நேரப் பறத்தலும் கொண்ட மீளாய்வை முடித்திருக்க வேண்டும்.