ரேடான் சோதனை: பக்கத்து வீட்டு எண் உங்கள் வீட்டுக்கு உதவாது

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், சோளக்காட்டுக்கு நடுவே ஐந்நூறு வீடுகூட இல்லாத சிற்றூர் எங்களுடையது. இங்கே வீடு வாங்கும்போது ஏஜென்ட் கேட்பார்: "ரேடான் டெஸ்ட் எடுக்கிறீர்களா?" தமிழ்நாட்டில் நாம் கேட்டறியாத சொல் இது. அங்கே வீட்டுக்குப் பேஸ்மென்ட், அதாவது நிலத்தடித் தளம், கிடையாது, சன்னலும் பாதி நாள் திறந்தே கிடக்கும். அதனால் நம்மவர்கள் பலர் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளில் கையெழுத்துப் போடப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதைந்து ரேடியமாகி, அதிலிருந்து பிறக்கும் வாயுதான் ரேடான். நிறமில்லை, மணமில்லை. வெட்டவெளியில் காற்றோடு கலந்து போய்விடும். பேஸ்மென்ட் தரை விரிசல், சம்ப் குழி (தரையடியில் ஊறும் நீர் சேரும் குழி), குழாய் நுழையும் ஓட்டை வழியாக வீட்டுக்குள் புகுந்தால் அங்கேயே சேரும். அதிலிருந்து உண்டாகும் கதிரியக்கத் துகள்கள் மூச்சோடு போய் நுரையீரலில் ஒட்டிக்கொள்கின்றன. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 21,000 நுரையீரல் புற்றுநோய் மரணங்களுக்கு ரேடான் காரணம் என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிடுகிறது. அவர்களில் ஏறத்தாழ 2,900 பேர் வாழ்நாளில் புகையே பிடிக்காதவர்கள். "நான் சிகரெட்டைத் தொட்டதே இல்லை" என்பது இங்கே முழுக் காப்பு ஆகாது.

எங்கள் ஊரில் நான் அதிகம் பார்ப்பது ஒரு தவறுதான். சின்ன ஊர், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். "பக்கத்து வீட்டு டெஸ்டில் ரேடான் 2தான் வந்ததாம், நமக்கும் அவ்வளவுதான் இருக்கும்" என்று இருந்துவிடுவார்கள். ஒரே தெருவில், ஒரே ஆண்டில் கட்டிய இரண்டு வீடுகளில்கூட அளவு பல மடங்கு மாறலாம். தரைக்கு அடியில் மண் எப்படி, விரிசல் எங்கே, ஹீட்டர் எவ்வளவு காற்றை இழுக்கிறது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு. புது வீடு, பழைய பண்ணை வீடு என்ற வித்தியாசமும் கிடையாது. அயோவாவின் 99 கவுண்டிகளையும் (மாவட்டம் போன்ற பிரிவுகள்) முகமையின் வரைபடம் உச்ச அபாய மண்டலத்தில்தான் வைத்திருக்கிறது. பழங்காலப் பனியாறுகள் அரைத்துக் கொண்டுவந்து கொட்டிய மண் இது.

சரி, ரேடான் சோதனை செய்யும் கிட் வாங்கிவிட்டீர்கள். பல கவுண்டிகளின் சுகாதார அலுவலகத்தில் மலிவாகவே கிடைக்கிறது. கரி நிரப்பிய சின்னப் பொட்டலமோ டப்பாவோ உள்ளே இருக்கும். இரண்டிலிருந்து ஏழு நாள் வரை, கிட்டில் போட்டிருக்கும் காலத்துக்குத் திறந்து வைக்க வேண்டும். குறுகிய காலச் சோதனையில் பலரும் கோட்டைவிடுவது சன்னல் விஷயத்தில்தான். டப்பாவைத் திறப்பதற்கு 12 மணி நேரம் முன்பே கதவு, சன்னல் எல்லாவற்றையும் மூடிவிட வேண்டும், சோதனை முடியும்வரை மூடியே வைக்க வேண்டும். உள்ளே வெளியே போய்வரக் கதவைத் திறந்து மூடலாம், அதில் தவறில்லை. மே மாதக் காற்று நன்றாக வருகிறதே என்று சன்னலைத் திறந்துவைத்து அளந்தால் எண் குறைவாகத்தான் வரும். ஜனவரியில் அதே வீடு வேறு எண் காட்டும். குளிர்காலத்தில் வீட்டின் சூடான காற்று மேலே ஏறி வெளியேற, அந்த இடத்தை நிரப்ப மண்ணிலிருந்து காற்று உறிஞ்சப்படுகிறது.

வைக்கும் இடமும் முக்கியம். குடும்பம் புழங்கும் தளங்களில் எது கீழே இருக்கிறதோ அங்கே வையுங்கள். பேஸ்மென்டில் பிள்ளைகள் விளையாடினால், யாராவது படுத்தால், பேஸ்மென்டில்தான். தரையிலிருந்து 20 அங்குலமாவது உயரம் வேண்டும். சமையலறை, குளியலறை, துணி துவைக்கும் இடம் கூடாது, ஈரம் கரியைக் கெடுத்துவிடும். சம்ப் குழிக்கு மேலேயே கொண்டுபோய் வைப்பதும் தவறு. அங்கே நீங்கள் மூச்சுவிடுவதில்லையே.

என் முதல் சோதனை வீணானது ஒரு அற்பக் காரணத்தால். டப்பாவைத் திறந்த நேரத்தைத் தாளில் எழுத மறந்துவிட்டேன். நேரம் இல்லாமல் ஆய்வகத்தால் கணக்குப் போட முடியாது. அப்புறம், தபால். ரேடானின் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்துபோகும் காலம், 3.8 நாள். சனிக்கிழமை மாலை சாலையோரத் தபால் பெட்டியில் போட்டு, திங்கள் விடுமுறையாகவும் போனால், கரியில் சிக்கியது பெரும்பங்கு சிதைந்திருக்கும். வாரத் தொடக்கத்தில் முடிகிற மாதிரி சோதனையைத் தொடங்குங்கள், முடிந்த அன்றே அனுப்பிவிடுங்கள்.

எண் கையில் வந்ததும் இரண்டு விதமாகத் தவறுகிறோம். லிட்டர் காற்றுக்கு 4 பிகோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்பது முகமை சொல்லும் நடவடிக்கை அளவு, ஐரோப்பியக் கணக்கில் கனமீட்டருக்கு 148 பெக்கரல். 3.8 வந்தவர் "பாஸ்" என்று நிம்மதியாகிவிடுகிறார். ஆனால் அது பாதுகாப்பின் எல்லைக்கோடு இல்லை. 2க்கும் 4க்கும் இடையில் இருந்தாலும் சரிசெய்வதை யோசிக்கச் சொல்கிறது அதே முகமை. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு 100 பெக்கரல், அதாவது 2.7 பிகோகியூரி. இன்னொரு பக்கம், 5 வந்தவர் அன்றிரவே வீட்டை விற்க நினைக்கிறார். 4க்கு மேல் வந்தால் மறுபடி சோதியுங்கள். 8ஐத் தாண்டினால் உடனே இன்னொரு குறுகிய காலச் சோதனை. அவசரமில்லாத அளவானால் 90 நாளுக்கு மேல் வைக்கும் நீண்ட காலக் கருவி ஆண்டுச் சராசரியை நன்றாகக் காட்டும்.

கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் பண்ணை வீடுகள் தண்ணீரையும் சோதிப்பது நல்லது. குளிக்கும்போதும் துவைக்கும்போதும் அதிலிருந்தும் ரேடான் காற்றில் கலக்கிறது, மண்ணிலிருந்து வருவதைவிடக் குறைவாக இருந்தாலும்.

சரிசெய்யும்போது விரிசலை மட்டும் அடைத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். அது மட்டும் போதாது. காற்று சுத்திகரிப்புக் கருவியும் இந்த வாயுவை நீக்காது. உண்மையில் வேலை செய்வது, தரைக்கு அடியிலிருந்து பிவிசி குழாய் போட்டு, ஃபேன் வைத்து, கூரைக்கு மேலே வெளியேற்றும் முறை. பயிற்சி பெற்றவரைக் கொண்டு போடுங்கள். போட்ட பிறகு 24 மணி நேரம் கழித்து, ஒரு மாதத்துக்குள் மறுபடி சோதியுங்கள், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. குழாயில் வண்ணத் திரவம் நிரப்பிய U வடிவக் குழல் ஒன்று ஒட்டியிருக்கும். இரண்டு பக்கமும் திரவம் ஏற்றத்தாழ்வாக நின்றால் ஃபேன் இழுக்கிறது. சமமாக நின்றால் ஃபேன் நின்றுவிட்டது. துணி துவைக்கக் கீழே இறங்கும்போதெல்லாம் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு வருகிறேன்.