ஐசக் பெனிங்டனைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐசக் பெனிங்டன், 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசர் முதலாம் சார்லஸுக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் நடந்தபோது நாடாளுமன்றத்தின் பக்கம் நின்ற லண்டன் அரசியல்வாதி; லண்டன் மீன் வணிகர் சங்கத்து உறுப்பினர். இதைப் படித்ததும் பலரும் 'மீன் வியாபாரி' என்று எழுதிவிடுகிறார்கள். அவர் வெளிநாட்டு வணிகத்தில் பணம் சேர்த்தவர். தந்தை உறுப்பினர் என்றால் மகனுக்கும் சங்கத்தில் இடமுண்டு, செய்யும் தொழில் எதுவானாலும் சரி. அன்று நகரப் பதவிகளுக்குப் போகும் வாசலாக இருந்தவையே அந்தச் சங்கங்கள்தான்.

அவரைப் பக்தர் என்றோ பணக்காரப் பேரக்காரர் என்றோ ஒரே பக்கமாகப் பார்ப்பதுதான் பெரிய தவறு. 1640 டிசம்பரில், திருச்சபையில் ஆயர்களின் (பிஷப்புகளின்) ஆட்சியை வேரோடும் கிளையோடும் களையக் கோரி, ஏறக்குறைய 15,000 பேர் கையெழுத்திட்ட மனுவை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தவர் அவர். அதே மாதங்களில் வட இங்கிலாந்தில் நின்ற படைகளுக்குச் சம்பளம் கொடுக்க லண்டன் நகரத்தின் கடன் தேவைப்பட்டது. அரசரின் வலக்கையான ஸ்ட்ராஃபோர்டு பிரபுவுக்குத் தண்டனை கிடைக்கும்வரை நகரத்தார் பணத்தை இழுத்தடித்தார்கள். அவர்களுக்காக அவையில் பேசியவரும் பெனிங்டன்தான். திருச்சபையை இன்னும் தூய்மைப்படுத்த விரும்பிய பியூரிட்டன்களின் நம்பிக்கையும் கஜானா சாவியும் அவரிடம் ஒன்றாகவே இருந்தன. ஒன்றை வேஷம் என்று ஒதுக்கினால் மனிதரே கையைவிட்டு நழுவிவிடுவார்.

லண்டன் முழுவதும் நாடாளுமன்றத்தின் பக்கம் நின்றது என்று எழுதுவதும் சரியல்ல. பெனிங்டனுக்கு முன் லார்டு மேயராக இருந்த ரிச்சர்டு கர்னி அரசரின் ஆள். 1642இல் அவரை லண்டன் கோபுரச் சிறையில் அடைத்து, ஆகஸ்டில் பதவியிலிருந்து இறக்கிய பிறகே பெனிங்டன் மேயரானார். நகரத்தின் பெரும் பணக்காரர்களில் பலர் அப்போதும் அரசரிடம்தான் சாய்ந்திருந்தார்கள். பெனிங்டனின் பலம் கீழ்மட்ட நகரசபையும் தெருக்களும். 1643 வசந்தத்தில் நகரைச் சுற்றி ஏறக்குறைய 11 மைல் நீளத்துக்கு மண் அரண் எழும்பியபோது, ஒவ்வொரு சங்கத்தாரும் முறைவைத்து, முரசு கொட்டி, மண்வெட்டியும் கூடையுமாக வந்தார்கள். பெண்களும் மண் சுமந்தார்கள். அரசரோ அந்த ஜனவரியிலேயே, கைது செய்ய வேண்டும் என்று சொன்ன நான்கு பேரில் பெனிங்டனையும் வைத்திருந்தார்.

அப்புறம், 1649இல் சார்லஸ் மன்னரின் தலையை வெட்டச் சொன்ன மரண ஆணை. அதில் 59 கையெழுத்துகள்; பெனிங்டனுடையது இல்லை. ஆனால் மன்னரை விசாரித்த மன்றத்தில் நீதிபதிகளில் ஒருவராக அவர் அமர்ந்திருந்தார். 'கொலையில் கையெழுத்திட்டவர்' என்பதும் தவறு, 'சம்பந்தமே இல்லாதவர்' என்பதும் தவறு. 1660இல் முடியாட்சி திரும்பியதும் சரணடைந்து, லண்டன் கோபுரத்துக்கே கைதியாகப் போனார். 1643 முதல் 1645 வரை அந்தக் கோபுரத்தின் காவல் அதிகாரியாக இருந்தவரும் இவரே. அரசரின் ஆதரவாளரான கேன்டர்பரி பேராயர் லாட் தலை வெட்டப்பட அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்டது அவர் பொறுப்பில் இருந்தபோதுதான்.

மகன் பெயரும் ஐசக் பெனிங்டன் என்பதால் குழப்பம் சுலபமாக வரும். மகன் குவேக்கர் என்ற கிறிஸ்தவக் குழுவைச் சேர்ந்தவர், ஆயுதத்தை மறுத்தவர், அவரும் 1661இல் சிறையில் கிடந்தவர். எய்ல்ஸ்பரி சிறை என்றால் மகன். லண்டன் கோபுரம் என்றால் தந்தை.

தேதிகளில் கவனம் தேவை. அன்றைய இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது. அதனால் லாட் இறந்த 1645 ஜனவரி 10, பழைய ஏடுகளில் 1644 என்றிருக்கும். பெனிங்டன் சிறையிலேயே இறந்தது 1661 டிசம்பரில். அதில் இந்தச் சிக்கல் இல்லை.