மூட்டுவலி உள்ள நாய்க்குத் துணை உணவுகள்: எதை, எவ்வளவு, எப்படிக் கொடுப்பது

லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய இன நாய்கள் வயதாகும்போது காலையில் எழுந்ததும் சில அடிகள் விறைப்பாக நடப்பதும், மாடிப்படி ஏறத் தயங்குவதும், ஒரே மூட்டை ஓயாமல் நக்குவதும் பெரும்பாலும் மூட்டுத் தேய்மானத்தின் அறிகுறிகள். ஆயினும் உண்ணிக் காய்ச்சலிலும் மூட்டுகள் வலிக்கும்; முழங்காலில் தசைநார் கிழிந்தாலும் நாய் நொண்டும். ஆகவே முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்னால் இரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்து, நோய் எதுவென்று உறுதி செய்துகொண்ட பிறகே துணை உணவு வாங்க வேண்டும்.

அடுத்தது உடல் எடை. விலா எலும்புகள் பார்வைக்குத் துருத்தாமல், ஆனால் தடவினால் எளிதாகத் தட்டுப்படும் நிலையில் நாய் இருக்க வேண்டும். 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 48 லாப்ரடார்களைக் குட்டிப் பருவம் முதல் வாழ்நாள் முழுதும் கவனித்தார்கள். 25 சதவீதம் குறைவாக உணவு பெற்றவை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்ததோடு, அவற்றுக்கு மூட்டு நோயும் தாமதமாகவே வந்தது. பருத்த நாய்க்கு எந்தத் துணை உணவைக் கொடுத்தாலும், சோற்றையும் பிஸ்கட்டையும் குறைக்காவிட்டால் கிடைக்கும் பலன் சொற்பமே.

துணை உணவுகளில் பணம் செலவழிக்கத் தகுந்தது எது என்று கேட்டால், மீன் எண்ணெய் என்றே சொல்வேன். அதிலுள்ள ஈபிஏ, டிஎச்ஏ என்னும் ஒமேகா 3 கொழுப்பு அமிலங்கள் மூட்டின் அழற்சியைத் தணிக்கின்றன. இங்கே பலரும் தவறுவது அளவில்தான். மூட்டு நோய்க்குப் பரிந்துரைக்கப்படும் உயர்ந்த அளவின்படி, 10 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு ஈபிஏ, டிஎச்ஏ இரண்டும் சேர்ந்து சுமார் 1,750 மில்லிகிராமும், 30 கிலோ நாய்க்குச் சுமார் 4,000 மில்லிகிராமும் தேவை. எடை மூன்று மடங்கானால் அளவும் மூன்று மடங்காவதில்லை என்பதைக் கவனியுங்கள். மருந்துக் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 1,000 மில்லிகிராம் கேப்ஸ்யூலில் இவ்விரண்டும் சேர்ந்து 300 மில்லிகிராமே இருக்கும் என்பதால், தினம் ஒன்று கொடுத்துவிட்டுப் பலனில்லை என்று கைவிடுவது எண்ணெயின் குறையாகாது. அதற்காக 30 கிலோ நாய்க்கு அதே கேப்ஸ்யூலில் பதின்மூன்றைக் கொடுத்தால் ஏறத்தாழ 120 கலோரி கூடிவிடும். எனவே அட்டையின் முன்பக்கத்தில் உள்ள மொத்த மில்லிகிராமை விட்டு, பின்பக்கத்தில் ஈபிஏ, டிஎச்ஏ அளவுகளைக் கூட்டிப் பார்த்து, செறிவு மிகுந்ததை வாங்குங்கள். கால் பங்கில் தொடங்கி, மலம் இளகாமல் இருக்கிறதா என்று பார்த்தபடி, இரண்டு மூன்று வாரங்களில் மருத்துவர் குறித்துத் தந்த அளவுக்கு, உணவோடு கலந்து உயர்த்துங்கள். கணைய அழற்சி வந்த நாய்க்கும், அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் நாய்க்கும் மருத்துவரிடம் கேட்காமல் தரக் கூடாது. மீன் ஈரல் எண்ணெய் இதற்கு மாற்றாகாது. அந்த அளவில் கொடுத்தால் அதிலுள்ள வைட்டமின் ஏ, டி இரண்டும் நஞ்சாகலாம். ஆளி விதை எண்ணெயும் போதாது. அதிலுள்ள ஒமேகா 3ஐ நாயின் உடல் மிகச் சிறிதளவே ஈபிஏவாக மாற்றிக்கொள்ளும்.

மூட்டின் குருத்தெலும்பில் இயல்பாகவே உள்ள பொருள்களான குளுக்கோசமைன், காண்ட்ராய்ட்டின் கலந்த மாத்திரைகளே கடைகளில் அதிகம் விற்கின்றன. ஆனால் மாண்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாய், பூனைகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டில், ஒமேகா 3 வலியைக் குறைப்பதாகவும் இந்த ஜோடி பயன் தரவில்லை என்றும் கண்டார்கள். இவற்றால் பெரிய தீங்கில்லை. ஆனால் கையில் பணம் குறைவாக இருந்தால் நான் முதலில் நிறுத்துவது இதைத்தான். நாளுக்கு 40 மில்லிகிராம் கொடுக்கப்படும் இரண்டாம் வகைக் கொலாஜன் என்னும் குருத்தெலும்புப் புரதத்துக்கும், நியூசிலாந்தின் பச்சை உதட்டுச் சிப்பிப் பொடிக்கும் ஓரளவு ஆதரவு உண்டு. நொண்டும் நாய்க்குக் கால்சியம் டானிக் ஊற்றும் பழக்கம் மட்டும் வேண்டாம். தேய்ந்த மூட்டுக்கு அது உதவாது, வளரும் பெரிய இனக் குட்டிகளின் எலும்பையோ கெடுக்கவே செய்யும்.

மனிதர்களுக்கான மெல்லும் மாத்திரைகளில் சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி இருக்கக்கூடும். அது சிறிதளவிலேயே நாயின் உயிருக்கு ஆபத்து. பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வீட்டு வலி மாத்திரைகளையும் ஒருபோதும் தராதீர்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு துணை உணவுகளைத் தொடங்கினால் எது உதவியது என்று தெரியாமல் போகும். தொடங்கும் முன்பே நாய் படுக்கையிலிருந்து எழுவதையும் படியேறுவதையும் கைபேசியில் படம் பிடித்து, அதே இடத்தில் அதே நேரத்தில் எட்டாவது வாரத்திலும் பன்னிரண்டாவது வாரத்திலும் மீண்டும் எடுத்து ஒப்பிடுங்கள். அன்றாடம் உடனிருப்பவரின் கண்ணுக்கு மாற்றம் எளிதில் புலப்படாது. மருத்துவர் கார்ப்ரோஃபென் போன்ற வலி மருந்து கொடுத்திருந்தால் அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. மீன் எண்ணெய் சேர்த்த உணவு உண்ட நாய்களுக்கு 12 வாரங்களில் அம்மருந்தின் அளவைக் குறைக்க முடிந்ததை 2010இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. எடுத்த காட்சிகளை மருத்துவரிடம் காட்டி, எவ்வளவு குறைக்கலாம் என்று அவரிடமே கேளுங்கள்.