45-க்குப் பதில் 8211

கம்பத்தில் ஓர் ஏலக்காய்க் கடையின் கணக்குக்காக, கூட்டல், கழித்தல் குறிகளை உரைக்கோப்பிலிருந்து படித்துச் செயல்படுத்தும் பைத்தான் நிரல் எழுதினேன். எண்களுக்கு நடுவே குறியை ஒட்டினால் விடைக்குப் பதில் "12+5" என்ற சரமே (எழுத்துத்தொடரே) வந்தது. சரத்தை நிரல்வரியாகவே இயக்கும் ஈவல் செயற்கூறு, சோதித்த கூட்டல் வரியைக் கணக்கிட்டுக் கொடுத்தது. ஆனால் கோப்பில் எவர் எதை எழுதினாலும் இயக்கிவிடும் என்பதால் அதைக் கைவிட்டேன்.

பின்னர், ஒவ்வொரு குறிக்கும், கூட்டல், கழித்தல் போன்றவற்றைச் செய்யும் ஆப்பரேட்டர் தொகுதியின் செயற்கூற்றை இணைத்து அகராதி அமைத்தேன். கூட்டல் நடந்தது, கழித்தலோ, குறி அகராதியில் கண்ணெதிரே இருந்தும், மூன்று நாள் "கீ எரர்" (அப்படியொரு குறி அகராதியில் இல்லை) என்றே அடம்பிடித்தது. இடைவெளிகளை நீக்கியும் பயனில்லை. எழுத்தின் குறியீட்டு எண்ணைக் காட்டும் ஆர்டு செயற்கூற்றால் குறியின் எண்ணைப் பார்த்தபோதுதான், சிறுகோட்டுக்குரிய 45 இருக்கவேண்டிய இடத்தில் 8211 இருந்தது: குமுளியிலிருந்து வந்த பட்டியலைத் தட்டச்சு செய்த செயலி, சிறுகோட்டைத் தானாகவே நீள்கோடாக்கியிருக்கிறது. படித்தவுடன் அதைச் சிறுகோடாக்கும் ஒரே வரியைச் சேர்த்தேன், கழித்தல் நடந்தது.